தாண்டிட்டோம்ல!

ஸ்பானிஷ் வினைச்சொல் நம் தமிழ் மாதிரிதான் சார். 'நான்', 'அவர்கள்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆசாமி யார் என்பது வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். லெட்ஜரில் கடைசி வரியைப் பார்த்தே பழகின என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு ரொம்ப வசதி.

உதாரணத்துக்கு 'பஸரான்'. 'பஸார்' என்றால் தாண்டுவது (கடைத்தெரு இல்லை!). அதற்கு 'ஆன்' என்று வால் வைத்தால் 'தாண்டுவார்கள்'. நம்மூரில் 'ஆன்' போட்டால் ஒருத்தன். அங்கே ஒரு கூட்டமே. முன்னால் 'நோ' சேர்த்தால் 'தாண்ட மாட்டார்கள்'. அழுத்தம் கடைசி 'ரான்' மேல் விழணும். நடுவில் விழுந்தால் 'தாண்டினால்...' என்று சந்தேகத்தில் இழுக்கும். யுத்தத்தில் அப்படி இழுக்கக் கூடாது.

யுத்தமேதான். 1936 ஜூலையில் ஸ்பெயின் குடியரசுக்கு எதிராக ராணுவத் தளபதிகள் கிளம்பியபோது, டோலோரெஸ் இபாருரி என்ற கம்யூனிஸ்ட் எம்.பி. ரேடியோவில் 'நோ பஸரான்' என்றார். 1916-ல் வெர்டன் போரில் பிரெஞ்சுக்காரர்கள் சொன்னதுதான். ஆனால் பிரெஞ்சில் 'அவர்கள்' என்று தனியாகப் போட்டாக வேண்டும்; கோஷத்துக்குக் கொஞ்சம் நீளம். ஸ்பானிஷில் இரண்டே வார்த்தை. மாட்ரிட் தெருவில் குறுக்கே பேனராகக் கட்டினார்கள். நவம்பரில் ஃபிராங்கோவின் படை நகரத்தின் ஓரம் வரை வந்தது. அதற்கு மேல் முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த எதிர்காலம் பலித்தது.

1939 மார்ச்சில் மாட்ரிட் விழுந்தது. ஜெயித்தவர்கள் பதிலையும் அதே வினையில்தான் சொன்னார்கள். செலியா காமெஸ் என்ற பாடகி 'யா எமோஸ் பஸாவோ' என்று ஒரு கேலிப்பாட்டே பாடினார். 'எமோஸ் பஸாதோ' என்றால் 'தாண்டிவிட்டோம்'. நடுவில் 'த'வை விழுங்கிப் பேச்சுவழக்கில் விட்டால், 'தாண்டிட்டோம்ல!'. இலக்கணப்படி பார்த்தால் 'அவர்கள்' 'நாங்கள்' ஆனதும், எதிர்காலம் முடிந்த கதையானதும்தான் வித்தியாசம். தோற்றவர்களுக்கு அந்த வித்தியாசத்தின் விலை ஜெயில், நாடு கடந்த வாழ்க்கை, மரண தண்டனை.

இபாருரி சோவியத் யூனியனுக்குப் போனார். ஃபிராங்கோ 1975-ல் இறந்தார். 1977-ல், 81 வயதில், அம்மணி ஸ்பெயின் திரும்பி, அதே வருஷம் தேர்தலில் ஜெயித்து மறுபடி எம்.பி. ஆனார்.

கேலிப்பாட்டு பழசாகிவிட்டது. 'நோ பஸரான்' மட்டும் உலகத்தில் எங்கேயாவது ஓர் ஊர்வலத்தில் இன்னமும் கேட்கிறது. அந்த 'ஆன்' யார் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.