பையன் வராவிட்டால் அம்மாவிடம் தொடங்குவோம்

கஞ்சா விற்பவனைப் பிடித்துக்கொடுக்கும் வேலை நடக்கட்டும். ஆனால் ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளை நம் தெருவில்தானே இருக்கிறான்? வீட்டில் அவனுக்கு அடி, பள்ளியில் டி.சி. கடைசியில் அவனை உட்கார வைத்துப் பேச, மாத்திரை கொடுக்கும் அண்ணன் மட்டுமே மிஞ்சுகிறான். இந்த நிலை இனி ஒரு நாள்கூட நீடிக்கக் கூடாது!

ரெய்டு மட்டும் போதாது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வைப் பாருங்கள். முகர்ந்து போதையேற்றும் பொருள்களைப் பயன்படுத்துவோர் பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிலோ 1.17 சதவீதம். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனையும் பெயின்ட் தின்னரையும் எந்தப் போலீஸ் பறிமுதல் செய்யும்?

வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவின் மயாமி நகரில், 1970களில், கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் போதையில் சிக்கினார்கள். ஹோசே சாபோஸ்னிக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் குடும்பத்தையே சிகிச்சைக்கு அழைத்தார்கள். யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அப்பா கண்டித்ததை அம்மா எங்கே மூடி மறைக்கிறார், பிள்ளையைத் திட்டுவதைத் தவிர வீட்டில் வேறு பேச்சு உண்டா என்று பார்த்து, அந்தப் பழக்கங்களை மாற்றினார்கள். பையன் வர மறுத்தால்? வந்த ஒருவரை வைத்தே தொடங்கினார்கள். பெரும்பாலும் ஒருவரோடு மட்டும் நடத்திய சிகிச்சையின் பலன், முழுக் குடும்பமும் வந்தபோது கிடைத்ததற்குக் குறையவில்லை என்று 1983இல் ஆய்வாக வெளியிட்டார்கள். “அவன் வரவே மாட்டேங்கிறான்” என்று கைவிரிக்கும் ஒவ்வொரு தாயிடமும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

நம் சென்னையிலேயே, 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய போதை மீட்பு மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் இடமுண்டு. மாவட்டங்களில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஏன் கிடைக்கக் கூடாது? கட்டிப்போட்டு உதைக்கும் போதை மீட்பு ‘மையங்களுக்கு’ வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டுவதா அவன் தாயின் விதி?

தோழர்களே, இந்த வாரமே கிளைகளைக் கூட்டுங்கள். மகளிர் தோழர்கள் இருவர் அப்படிச் சிக்கிய பிள்ளையின் அம்மாவைப் போய்ப் பாருங்கள். புத்தி சொல்லாதீர்கள், முதலில் கேளுங்கள். அப்பா குடிப்பவரென்றால் அவருக்கும் சிகிச்சை கேளுங்கள். பிள்ளை அடிபடும் வீடென்றால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். வழி தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு இலவச உதவி எண் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் டி.சி. கிழிக்க வேண்டாமென்று வாதாடுங்கள், பெயரை வெளியே விடாதீர்கள். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் குடும்ப ஆலோசகர் வேண்டும் என்ற மனுவோடு, வரும் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் திரளுவோம்!