துருவும் பட்டியும்

ஜனக்புரியில் வாழும் எம் பெரியப்பாவின் அம்பாசடர் காரை அன்பர் பலர் அறிந்திருப்பர். 1973இல் பதிவானது, ஓய்வு பெற்றுச் சென்ற அதிகாரி ஒருவரிடமிருந்து 1979இல் பெரியப்பா வாங்கினார். ஊரிலிருந்து வருவோரை ரயிலடியிலிருந்து அழைத்து வரவும், புதுமணத் தம்பதிகளை மலைமந்திருக்குக் கொண்டு செல்லவும் அது தளராது உழைத்தது. 15 ஆண்டு கடந்த வண்டிகள் தலைநகர வீதிகளில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ஆணையிட்டது. 2018இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அன்று முதல் வண்டி தார்ப்பாய்க்குள் உறங்கலாயிற்று.

சென்ற ஐப்பசியில் அதனை எழுப்ப முயன்றோம். சக்கரம் கழற்றும் பொருட்டுக் கதவின் அடியில் ஜாக்கியை வைத்துத் திருகினேன். வண்டி எழவில்லை. ஜாக்கி மட்டும் தகட்டைப் பிளந்துகொண்டு மேலே ஏறிற்று. உதிர்ந்து விழுந்தவற்றைப் பொறுக்கிப் பார்த்தால், துருத் தூளும், கட்டி கட்டியாகப் பட்டியும், அதனுள் சுருட்டி அடைத்த இந்திச் செய்தித்தாளுமாக இருந்தன! 2012இல் ஒரு பட்டறையில் நல்ல தொகை கொடுத்துப் புதுப்பித்த பக்கம் அது. பளபளவென்று வெள்ளை பூசித் தந்தார்கள். நாங்களும் மகிழ்ந்து, மறு ஆண்டு என் தங்கையின் கைக்குழந்தை உட்பட எட்டுப் பேர் அதிலேறி ஆக்ரா சென்று வந்தோம். அதனை நினைக்கையில் இன்றும் எனக்கு உடல் நடுங்குகிறது.

நடுங்குவதற்குக் காரணம் உண்டு. லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் சட்டம் தனியே இருக்கும். உடற்கூடு அதன் மேல் அமர்ந்திருக்கும். அம்பாசடர் அவ்வாறன்று. அதன் மூலமாகிய இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைப் போலவே, தகட்டுக் கூடுதான் அதற்கு எலும்பும் தோலும். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற தகடு (பட்டறையில் இதனை ரன்னிங் போர்டு என்பர்) வெறும் அலங்காரமன்று. வண்டியின் நடுப்பகுதி தொய்யாமல் தாங்குவது அதுவே. மட்கார்டில் பட்டி பூசினால் அழகுக் குறைவோடு போயிற்று. இங்கே பூசினால், மோதலில் உள்ளே இருப்போரைக் காப்பது செய்தித்தாள்தான்.

“பேசாமல் எடைக்குப் போட்டுவிடலாமாடா?” என்றார் பெரியப்பா. அவர் குரல் வேறெதையோ கேட்பது போலிருந்தது.

“பொறுங்கள் பெரியப்பா, ஒரு காந்தம் இருந்தால் கொடுங்கள்” என்றேன்.

தகட்டின் மேல் காந்தம் ஒட்டும். தடித்த பட்டியின் மேல் ஒட்டாது. வண்டி முழுவதும் வைத்துப் பார்த்ததில் கூரை, கதவுகளின் மேற்பாதி, பானெட் யாவும் நல்ல இரும்பு. இருபுறத்து அடிப்பெட்டிகளும், ஓட்டுநர் காலடித் தளமும், டிக்கியின் தரையில் ஒரு முழமும் போய்விட்டிருந்தன. எல்லாம் நீர் தேங்குமிடங்கள். கதவின் அடியிலும் பெட்டியின் அடியிலும் நீர் வடியத் துளைகள் உண்டு. தில்லியின் புழுதிக்காற்று கோடையில் அவற்றை அடைத்துவிடும். ஆவணியில் பெய்த மழை உள்ளேயே நிற்கும். ஆகவே துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வர்ணத்தில் கொப்புளம் தெரியும்போது காரியம் முக்காலும் முடிந்துவிட்டது. எங்கள் ரயில் பெட்டிகளிலும் இதே கதைதான். கழிப்பறைக்குக் கீழுள்ள தளமும் சட்டமுமே முதலில் அரிக்கும்; பணிமனைகளில் அவற்றை வெட்டியெறிந்து புதுத் தகடு வைப்பர். யான் குமாஸ்தா, சம்மட்டி பிடித்தவனல்லேன், ஆயினும் அக்காகிதங்களைப் புரட்டிய பழக்கம் இங்கே உதவிற்று.

நம் ஊரில் டிங்கரிங் என்பதை இங்கே டென்டிங் என்கிறார்கள். முதிய மிஸ்திரி ஒருவர் வாய்த்தார். முதலில் பாட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டாங்கியை இறக்கித் தொலைவில் வைத்தார். வெல்டிங் பொறிக்குப் பெட்ரோல் ஆவி போதும். அடுத்து அவர் செய்ததைத்தான் முன்னைய பட்டறையார் செய்யவில்லை. வெட்டுவதற்கு முன் வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாசல்களில் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்தார். அது இல்லாமல் அடிப்பெட்டியை அறுத்தால் கூடு தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. துருவின் விளிம்போடு நில்லாமல், இரும்பு வெண்மையாக மின்னும் இடம் வரை அறுத்தார். 20 கேஜ் தகட்டை (ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர்) மடக்கிப் பெட்டி செய்து, இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாகப் பற்றவைத்தார். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகடு நெளியுமாம். பழைய துருவின் மேலேயே புதுத் துண்டை ஒட்டினால் என்ன என்று யான் கேட்டதற்கு, “இடையில் நீர் புகுந்தால் இரண்டும் போகும், பாபுஜி” என்றார்.

டிக்கித் தரைக்கு மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் பிற்கால அம்பாசடர் ஒன்றின் துண்டு கிடைத்தது. உத்தர்பாராவில் 2014 மே வரை உருவான இவ்வண்டியின் முகக்கிராதி மாறிற்றே ஒழிய உடலுருவம் பெரிதும் மாறவில்லை. முகத்தை மட்டும் நாங்கள் தொடவில்லை. ஏனெனில், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல உருவிலேயே பேணப்படும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு வழங்கும் விதி 2021இல் வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். எண்ணில் ‘விஏ’ என்னும் எழுத்துகள் இருக்கும். காட்சிக்கும் பேரணிக்கும் அன்றி நாள்தோறும் ஓட்ட இயலாது. அடிச்சட்டத்தையோ உடற்கூட்டையோ மாற்றியமைத்திருந்தால் தகுதியில்லை. அரித்த தகட்டை அதே வடிவில் மாற்றுவது மாற்றியமைத்தலாகாது என்பதே என் துணிபு. எனினும் அறுக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

செலவு வண்டியின் விலையை மிஞ்சிவிட்டது. பெரியம்மா இதனை நாளொன்றுக்கு ஒருமுறையேனும் சொல்லாமல் விடுவதில்லை. பெட்டிகளின் உட்புறம் மெழுகெண்ணெய் பாய்ச்சி, துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தாயிற்று. இடப்பக்க மட்கார்டு மட்டும் மீதி. பெரியப்பாவோ அக்காந்தத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வீதியில் நிற்கும் அயலார் வண்டிகளை எல்லாம் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்.