ஆக மோசமான எண்

எங்கள் சிம்பாங் ரெங்கத்தில் லோரி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றின் பின்கட்டில் சின்ன மில்லிங் மெஷின் ஒன்று நிற்கிறது. அன்னாசித் தோட்டத்து டிரெய்லருக்கும், செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டருக்கும் வேண்டிய புஷ், பிராக்கெட் எல்லாம் அதில்தான் செதுக்குகிறார்கள். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி திடீரென்று செத்துப்போனது. புதுப் பெட்டிக்குச் சொன்ன விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். பட்டறைக்காரத் தம்பி என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, ஆபீஸ்ல தூக்கிப்போட்ட டெஸ்க்டாப் ஒண்ணு சும்மா கிடக்குது. அத வச்சு இந்த மெஷின ஓட்ட முடியுமா?"

முடியும் என்றேன். மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன.

கணினி இந்த மெஷினுக்குச் செய்ய வேண்டிய வேலை கேட்க எளிது. மோட்டாருக்குத் துடிப்பு அனுப்ப வேண்டும். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாக எடுத்து வைக்கும். மோட்டாரை ஓட்டும் டிரைவர் பெட்டி ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரிப்பதால் சுற்றுக்கு 1600 துடிப்பு. ஒரு சுற்றில் மேசை 5 மி.மீ. நகர்கிறது; ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. நிமிடத்துக்கு 1500 மி.மீ. வேகத்தில் மேசை ஓடினால் நொடிக்கு 8000 துடிப்பு போக வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 125 மைக்ரோநொடிதான். ஒரு மைக்ரோநொடி என்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்தக் கணினிக்கு அது கஷ்டமே இல்லை. நொடிக்கு எட்டாயிரம் என்ன, எட்டு லட்சம் கணக்கைக்கூடப் போட்டுத் தள்ளும். சிக்கல் வேகத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு முறை கணினி வேறு எதையோ பார்க்கப் போய் இரண்டாயிரம் மைக்ரோநொடி தாமதித்தால், பதினாறு துடிப்பு போக வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும். வேகமாகச் சுழலும் மோட்டார் அந்த இடத்தில் உதறி, தன் இடத்தைத் தவறவிடும். எங்கள் மெஷினில் மேசை எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்லும் கருவி கிடையாது. அதனால் கணினிக்கு விஷயமே தெரியாது. எல்லாம் சரி என்று நினைத்து, தவறான இடத்தில் வெட்டிக்கொண்டே போகும்.

எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள சிம்பாங் என்றாலே சந்திப்பு. நான் செனாயில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன காலத்தில் கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்தேகாலுக்கு இந்தச் சந்திப்பில் நிற்கும். அது வேகமான பஸ் இல்லை. ஆனால் ஐந்தேகால் என்றால் ஐந்தேகால். அதை நம்பித்தான் ஒரு பஸ் நிறைய ஆட்கள் அலாரம் வைத்துத் தூங்கினார்கள். நிகழ்நேர இயங்குதளம் என்பதும் அப்படிப்பட்டதுதான். இந்த வேலை இந்த நேரத்துக்குள் முடியும் என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் இயங்குதளங்கள் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. எல்லா நிரல்களுக்கும் முறை வைத்துப் பங்கிட்டு, மொத்தத்தில் நிறைய வேலை நடக்கிறதா என்றுதான் பார்க்கும். கடிதம் தட்டச்சு செய்ய அது போதும். இரும்பை வெட்டப் போதாது.

முதல் சனிக்கிழமை லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 12-ஐயும், மெஷினை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியையும் ஏற்றினோம். பிந்தையது அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 1990-களில் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது. இன்று தன்னார்வலர்கள் பேணுகிறார்கள். இரண்டுமே இலவசம். தாமதத்தை அளக்கும் சோதனை ஒன்றை ஓடவிட்டோம். திரையில் இரண்டு எண்கள்: சராசரித் தாமதம் 6 மைக்ரோநொடி, ஆக மோசமான தாமதம் 31. தம்பிக்கு முகம் மலர்ந்தது.

"இப்ப ஒரு வீடியோ போடுங்க. பென்டிரைவ்ல பெரிய கோப்பு ஒண்ணக் காப்பி பண்ணுங்க. சன்னலப் பிடிச்சு அங்க இங்க இழுங்க" என்றேன். மோசமான எண் 400-க்குத் தாவியது, பிறகு 900, பத்து நிமிடத்தில் 2140. சராசரி மட்டும் அதே 6-இல் அசையாமல் நின்றது.

"சராசரி ஆறுதானே அண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

"புஷ்ஷக் கெடுக்கிறது சராசரி இல்ல தம்பி. அந்த ஒரு தடவதான்."

இரண்டாம் சனிக்கிழமை இயங்குதளத்தின் மையமான கெர்னலை எடுத்துவிட்டு, நிகழ்நேரக் கெர்னலைப் போட்டோம். இங்கோ மோல்னார் 2004-ல் தொடங்கி, தாமஸ் கிளைக்ஸ்னரும் இன்னும் பலரும் இருபது ஆண்டுகள் இழுத்து வந்த வேலை அது. லினக்ஸின் ஒட்டுப் போலத் தனியாகவே இருந்து, 2024 செப்டம்பரில்தான் மூல லினக்ஸோடு முழுமையாகச் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வந்த 6.12-ஆம் பதிப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் இயக்கிக்கொள்ளலாம். டெபியன் 12 நிகழ்நேரக் கெர்னலைத் தனிப் பொதியாகவே தருவதால், எங்களுக்கு ஒரு நிறுவலும் ஒரு மறுதொடக்கமும்தான் வேலை. அதே வீடியோ, அதே பென்டிரைவ். மோசமான எண் 2140-லிருந்து 340-க்கு இறங்கியது.

மிச்சமிருந்தது பயாஸ் வேலை, அதாவது கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளின் அமைப்புகள். இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க, வேலை இல்லாத நேரத்தில் செயலி கண்ணயர்கிறது. எழுப்பினால் விழிக்க நேரம் பிடிக்கிறது. அந்த வசதியை அணைத்தோம். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் அணைத்தோம். ஓர் உட்கருவை இரண்டுபோல் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கையும் அணைத்தோம். நான்கு உட்கருக்களில் ஒன்றை மெஷினுக்கென்று ஒதுக்கி, வேறு நிரல்கள் அண்டாமல் வேலி போட்டோம். கணினியைக் கெட்டிக்காரனாகக் காட்டும் ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க, அது நம்பகமானதாக மாறிக்கொண்டே வந்தது. எண் இருபதுகளில் ஓடியது.

ஆனால் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை 300-க்கு ஒரு குதி. எந்த நிரல் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாது. மதர்போர்டில் எரித்து வைத்திருக்கும் மென்பொருள், இயங்குதளத்துக்கே தெரியாமல் செயலியைப் பறித்துத் தன் வேலையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். மேலாண்மைக் குறுக்கீடு என்று அதற்குப் பெயர். அந்தச் சில நூறு மைக்ரோநொடி, இயங்குதளத்தின் கணக்கிலேயே வராது. பழைய யுஎஸ்பி ஆதரவு என்ற ஒரு வரியை பயாஸில் அணைத்தோம். குதி நின்றது. கூடவே பயாஸ் திரையில் யுஎஸ்பி விசைப்பலகையும் வேலை செய்யாமல் போனது. தம்பி அட்டைப்பெட்டியைக் கிளறி, வட்டமுனை பிளக் வைத்த பழைய விசைப்பலகை ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். ஆறு மணி நேரம் சோதனையை ஓடவிட்டோம். ஆக மோசமான எண்: 24.

அன்று மாலை தே தாரிக் குடித்துக்கொண்டே தம்பி ஒரு கேள்வி கேட்டார். முக்கியமான வேலைக்கு முன்னுரிமை கொடுத்தால் போதாதா, கெர்னலையே ஏன் மாற்ற வேண்டும் என்று. நல்ல கேள்வி. அவர் பட்டறையை வைத்தே பதில் சொன்னேன்.

ஸ்டோர் சாவி எடுபிடிப் பையனிடம் இருக்கிறது. ஃபோர்மேனுக்கு அவசரமாக உள்ளே போக வேண்டும். பையன் வந்து சாவி தரட்டும் என்று காத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, இடைநிலையில் உள்ள ஒரு மெக்கானிக் பையனைக் கூப்பிட்டு டயர் கழற்றச் சொல்கிறார். பையனால் மறுக்க முடியாது. ஃபோர்மேன் ஸ்டோர் வாசலில் நிற்கிறார். பட்டறையில் பெரியவர் அவர்தான். ஆனாலும் தன்னைவிடக் கீழே உள்ள மெக்கானிக்கின் வேலை முடியும்வரை காத்திருக்கிறார்.

1997 ஜூலை 4-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்துக்கு நேர்ந்தது இதுதான். தகவல் பாதையின் சாவி, முன்னுரிமை குறைந்த வானிலைப் பணியிடம். அதற்காகக் காத்திருந்தது முன்னுரிமை மிகுந்த பணி. நடுவே புகுந்தது தகவல்தொடர்பு. முக்கியப் பணி குறித்த நேரத்தில் முடியாததால், கணினி மறுபடி மறுபடி மறுதொடக்கம் ஆனது. பொறியாளர்கள் பூமியில் இருந்த இரட்டைக் கருவியில் அதே கோளாறை வரவழைத்து, கண்டுபிடித்து, இங்கிருந்தே திருத்தம் அனுப்பினார்கள். அந்தக் கலத்தின் இயங்குதளத்தில் தீர்வு ஏற்கெனவே இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

தீர்வு இவ்வளவுதான்: சாவி கையில் இருக்கும்வரை அந்தப் பையனுக்கு ஃபோர்மேனின் அந்தஸ்து. யாரும் கூப்பிட முடியாது. சாவியைக் கொடுத்ததும் பழைய இடம். இந்த முறையை அலசி 1990-ல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். மற்ற இருவர் லுயி ஷா, ஜான் லெஹோஸ்கி. நிகழ்நேர லினக்ஸின் பூட்டுகளும் இந்த முறையைத்தான் கையாள்கின்றன. வெறும் முன்னுரிமை போதாமல் கெர்னலின் உள்ளேயே கைவைத்ததற்கு இது ஒரு காரணம். கோவையில் படித்த ஒருவர் பங்களித்த சிந்தனை செவ்வாய்க் கலத்துக்கும் உதவி, எங்கள் ஊர்ப் பட்டறையின் பின்கட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னபோது தம்பி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாம் சனிக்கிழமை மோட்டார் இணைப்பு. ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அவசர நிறுத்தப் பொத்தான் கணினி வழியாகப் போகக் கூடாது. அழுத்தினால் மோட்டாருக்கும் வெட்டுக் கருவிக்கும் போகும் மின்சாரமே அறுந்துபோக வேண்டும். எவ்வளவு நல்ல இயங்குதளமானாலும் ஒரு மனிதரின் விரலை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. அதன் பிறகுதான் இரும்பை வைத்தோம். 40 மி.மீ. துளை. வெர்னியரை உள்ளே விட்டு மூன்று இடத்தில் பார்த்தார் தம்பி. மூன்றிலும் 40.

நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இப்படி எத்தனை டெஸ்க்டாப்கள் தூசி படிந்து கிடக்கின்றன! தொழிற்பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் அதில் ஒன்றைக் கொடுங்கள். மென்பொருளுக்குக் காசு இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்களில் இயந்திரத்தை ஓட்டக் கற்றவர்கள் நிறையப் பேர். அதை இயக்கும் மூளையை அமைக்கவும் நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பது என் ஆசை.

நேற்றுப் பட்டறைக்குப் போயிருந்தேன். கணினியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வேலை தொடங்கும் முன் தினமும் சோதனையை ஓடவிட்டு, தேதி போட்டு ஓர் எண்ணை எழுதி வைக்கிறார் தம்பி. 24, 23, 24, 26, 24. சராசரிக்கு அந்தத் தாளில் அவர் இடமே விடவில்லை.