மலைநாட்டுச் சுற்றுலாவும் நமது கைத்தொலைபேசியும்

ஏப்ரல் விடுமுறை வந்தால் நம் வீடுகளில் முதலில் அடிபடும் பெயர் நுவரெலியாதான். வேன் பேசி, புரியாணிச் சட்டியையும் ஏற்றிக்கொண்டு, சாச்சி வீடு மாமி வீடு என்று எல்லோரும் சேர்ந்து புறப்படுவோம். அதில் குறை இல்லை. பூமியில் பயணம் செய்து படைப்பைப் பார்க்குமாறு அல்குர்ஆனும் பல இடங்களில் சொல்கிறது. ஆனால், போகும் இடத்தில் வாழும் மனிதரை எப்படிப் பார்க்கிறோம் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

என் ஊர் டயகம. அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருக்கிறது. அந்தச் சமவெளியை உள்ளடக்கிய மத்திய மலைநாட்டை யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. வெளியூர் வாகனங்கள் எங்கள் தேயிலை மலையோரத்திலும் நிற்கும். இறங்கியவுடன் கைத்தொலைபேசிகள் உயரும். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. சிலர் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு, அவர்களையும் பக்கத்தில் நிற்கச் சொல்வார்கள்.

அந்தப் பத்து நிமிடம் அவர்களுக்குச் சும்மா கிடைத்ததல்ல. தோட்டம் குறித்த கிலோவைப் பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மடுவத்தில் தராசு வைக்கும்போது, படம் எடுத்தவர்கள் நெடுந்தூரம் போயிருப்பார்கள்.

சகோதரிகளே, நம்மில் ஒருவரின் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் எடுத்து முகநூலில் போட்டால் வீட்டில் சும்மா இருப்பார்களா? உம்மா அழுவார், வாப்பா பொலிஸுக்கே போவார். மழைக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு, சேற்றுக் காலோடு நிற்கும் அக்காவுக்கும் அதே வெட்கமும் மானமும் உண்டு.

“அழகைத்தானே எடுக்கிறோம், அதனால் தோட்டத்துக்குப் பெயர்தானே” என்று சிலர் கேட்கலாம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து இந்த மலைகளுக்குப் பெயர் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே உழைத்தவர்களில் பெரும்பாலானோரின் குடியுரிமையோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோனது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அதைக் கொடுக்க 2003இல்தான் சட்டம் வந்தது. அவர்களின் முகம் உலகமெல்லாம் போனது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கவில்லை.

நாம் வியக்கும் பச்சைக் கம்பளம் தானாக விரிந்ததுமல்ல. கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். சீனாவின் குவாங்சியில் லொங்ஜி என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்குள்ள படிக்கட்டு நெல்வயல்களைப் பார்க்கப் போவோர் நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். அந்த வருமானத்தில் ஒரு பங்கு வயலைப் பராமரிக்கும் கிராமத்தவருக்குப் போகிறது. அந்தக் காட்சியை உண்டாக்கியவர் உழவர் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் தோட்டங்களிலும் அப்படியொரு ஏற்பாடு வர வேண்டும்.

அது வரும்வரை நம்மால் செய்யக்கூடியவை சில உள்ளன. படம் எடுக்குமுன் கேட்போம். வேண்டாம் என்றால் தொலைபேசியைப் பையில் போடுவோம். நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள். தேயிலையையும் மரக்கறியையும் அந்த ஊர்க் கடைகளிலேயே வாங்குவோம். சாப்பிட்ட லஞ்ச் சீற்றைத் தேயிலைக்குள் வீசாமல் வேனிலேயே கொண்டுவருவோம். பெற்றோரே, அடுத்த பயணத்துக்கு வேன் புறப்படுமுன் இவற்றைப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லிவையுங்கள்.