பழைய கெர்னலுக்கும் இடம் வேண்டும்

லினக்ஸில் பூட் பகிர்வைத் தனியாகவும் சிறிதாகவும் ஒதுக்குபவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பிலும் புதிய கெர்னலும் அதற்குரிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் அங்கே சேர்கின்றன. இடம் தீர்ந்தால் நிறுவல் பாதியில் நின்றுவிடும். அப்போது பதறிப்போய்க் கோப்புகளைக் கையால் அழிப்பது பெருந்தவறு; பொதி மேலாளரின் கணக்கில் அந்தக் கெர்னல் அப்படியே இருக்கும். உபுண்டுவில் ‘யுநேம் -ஆர்’ கட்டளையால் இப்போது ஓடும் கெர்னலை அறிந்துகொண்டு, ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ மூலம் தேவையற்றவற்றை நீக்குவதே முறை. எல்லாவற்றையும் துடைத்துவிடவும் கூடாது. புதிய கெர்னலில் கணினி எழ மறுத்தால், க்ரப் பட்டியலில் உள்ள பழையதுதான் கைகொடுக்கும். ஃபெடோரா இயல்பாகவே 3 கெர்னல்கள் வரை வைத்திருக்கிறது. அதுவே சரியான கொள்கை. நிறுவும்போதே பூட் பகிர்வுக்கு 1 ஜிபியாவது ஒதுக்குங்கள். ஓடுகிற கெர்னலோடு பழையது ஒன்றையும் எப்போதும் விட்டுவையுங்கள்.