அடிக்காமல் விட்ட விடை

ஒரு சதுர மனையின் பரப்பு 25 சதுர கஜம். பக்கம் எத்தனை கஜம்? கணக்குப்படி இரண்டு விடைகள்: 5, மைனஸ் 5. மைனஸ் கஜத்தில் மனை ஏது? இரண்டாவதைப் பேசாமல் அடித்துவிடுகிறோம்.

1928-ல் கேம்பிரிட்ஜில் பால் டிராக் என்ற இருபத்தைந்து வயது இளைஞருக்கும் இதே சங்கடம் ஏற்பட்டது. குவாண்டம் தத்துவத்தையும் ஐன்ஸ்டீனின் சார்புத் தத்துவத்தையும் இணைத்து, எலெக்ட்ரானுக்கு அவர் ஒரு சமன்பாடு எழுதினார். அழகான சமன்பாடு; ஆனால் மைனஸ் சக்தி கொண்ட எலெக்ட்ரான்களையும் அது கூடவே அழைத்து வந்தது!

டிராக் அந்த விடையை அடிக்கவில்லை. அது புரோட்டானாக இருக்குமோ என்று முதலில் எண்ணினார். புரோட்டானோ எலெக்ட்ரானைப்போல் சுமார் 1,836 மடங்கு கனம், பொருந்தவில்லை. 1931-ல் துணிந்து சொன்னார்: எலெக்ட்ரானின் எடையே கொண்டு, எதிரான மின்சாரம் உடைய ஒரு துகள் இருக்க வேண்டும்.

மறு வருஷம் அமெரிக்காவில், பாசடீனா நகரில், கார்ல் ஆண்டர்சன் காஸ்மிக் கிரணங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். டிராக்கின் கணக்கைச் சோதிப்பது அவர் நோக்கமல்ல. காந்தத்துக்கு நடுவே, நீராவி நிறைந்த அறையில், துகள்கள் போன தடம் வளைகோடாக விழும். சில கோடுகள் எதிர்ப்பக்கம் வளைந்தன. அவை மேலிருந்து இறங்கும் புதுத் துகளா, கீழிருந்து ஏறும் சாதாரண எலெக்ட்ரானா?

ஆண்டர்சன் நடுவில் 6 மில்லிமீட்டர் ஈயத் தகடு ஒன்றை வைத்தார். தகட்டைத் துளைத்தால் வேகம் குறையும். குறைந்தால் கோடு அதிகமாக வளையும். ஆகவே திசை தெரிந்துவிடும். 1932 ஆகஸ்ட் 2-ந் தேதி கிடைத்த படத்தில், தகட்டுக்கு மேலேதான் வளைவு அதிகம். துகள் கீழிருந்து ஏறியிருக்கிறது. அப்படியானால் அந்த வளைவு எலெக்ட்ரானுடையது அல்லவே! பிறந்தது பாஸிட்ரான். பாரிஸில் ஜோலியோ தம்பதியர் இத்தகைய கோடுகளை முன்பே கண்டும், திரும்பி வரும் எலெக்ட்ரான் என்று விட்டிருந்தார்கள்.

பாஸிட்ரானும் எலெக்ட்ரானும் சந்தித்தால் இரண்டுமே மறைந்து காமா கிரணங்களாகிவிடும். இன்று ஆஸ்பத்திரிகளில் 'பெட் ஸ்கான்' எடுக்கிறார்களே, அதன் ரகசியம் இதுதான். பாஸிட்ரானை உமிழும் சர்க்கரைப் பொருளை ஊசிமூலம் செலுத்துகிறார்கள். புற்று பெரும்பாலும் சர்க்கரையை ஆவலாய் இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து எதிரெதிராகப் பாயும் இரு கிரணங்கள் அதன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கின்றன.

வேண்டாத விடை என்று டிராக் அன்று ஒரு கோடு இழுத்திருக்கலாம். இழுக்காததன் பலனை, யாரோ ஒரு நோயாளி இன்று அனுபவிக்கிறார்.