குளம் திருத்திய கணக்கு

நுழையும்முன்

பொழுதுபோக்கு என்னும் சொல்லைக் கேட்டதும் வீணாகும் நேரத்தை நினைப்போர் உண்டு. கணினிமுன் அமர்ந்து சிறுசிறு நிரல்கள் எழுதுவதும் ஊர்ப்புறத்துக் குளங்களைச் சுற்றி நடப்பதும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று கருதுவோரும் உண்டு. இவ்விரண்டையும் நெடுநாளாகச் செய்துவரும் ஒருவர், தமக்கு நேர்ந்த பிழையொன்றை முன்வைத்து இக்கருத்துகளை ஆராய்கிறார்.

திருநெல்வேலி மாவட்டத்தில் நான் வாழும் ஊரிலிருந்து நாற்பது நிமிட நடைத்தொலைவில் ஒரு குளம் உள்ளது. வடகிழக்குப் பருவமழையால் ஐப்பசி, கார்த்திகையில் அது நிரம்பும். தையிலும் மாசியிலும் நெற்பயிருக்கு நீர் தரும். சித்திரையில் வற்றி, வெடித்த தரையாய்க் கிடக்கும். அலுவலகமொன்றில் கணக்கெழுதுவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் அக்குளத்தின் கரையில் நடந்து பறவைகளை எண்ணுவதும், இரவில் அவ்வெண்களைக் கணினியில் ஏற்றி நானே எழுதிய நிரல்களால் தொகுப்பதும் என் பொழுதுபோக்குகள். இவற்றுக்காக எவரும் எனக்கு ஊதியம் தருவதில்லை. செய்யாவிட்டால் ஏனென்று கேட்பாரும் இல்லை.

மேனிலை வகுப்பில் சேர்ந்த மாணவரிடம், “இந்த இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் பொழுதுபோக்கையெல்லாம் மூட்டை கட்டி வை” என்று கூறுவது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால் பிறக்கும் சொல்தான் அது. ஆயினும் அதனை முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. அதற்கான காரணத்தை, நான் பெற்ற பாராட்டு எதிலிருந்தும் தொடங்காமல், நான் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

நூலகப் பலகையில் ஒரு படம்

ஆறு ஆண்டுகளாகக் குறிப்பேட்டில் எழுதிவைத்த எண்ணிக்கைகளை ஒருமுறை வரைபடமாக்க விரும்பினேன். பைத்தான் மொழியில் ஏறத்தாழ நாற்பது வரிகளில் ஒரு நிரல் எழுதினேன். எந்தெந்த மாதத்தில் எத்தனை வாத்துகள் குளத்தில் இருந்தன என்பதைக் கணினி நொடிப்பொழுதில் வரைந்து காட்டியது. பிழைச்செய்தி ஒன்றும் தோன்றவில்லை. மகிழ்ச்சி மிகுதியால் அப்படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, ‘நம் குளத்துக்கு வரும் வாத்துகள்’ என்று தலைப்பிட்டு, குளத்தையடுத்த சிற்றூரின் நூலகத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பள்ளி மாணவர் ஐவர் அதனைத் தம் குறிப்பேடுகளில் வரைந்துகொண்டனர். அதைக் கண்டு என் மகிழ்ச்சி இருமடங்காயிற்று.

ஒரு வாரம் கழித்து அக்குளத்தின் நீர்பாய்ச்சி நூலகத்துக்கு வந்தார். மடை திறந்து வயல்களுக்கு முறைவைத்து நீர்விடும் பணியில் முதுமை எய்தியவர் அவர். தம் பேத்தியை விட்டு அப்படத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, சித்திரையிலயே கொளம் வத்திருமே. ஆனியில நாங்க மாடு மேய்க்கிற தரையில தாரா எங்கன நீந்திச்சு?” என்றார்.

படத்தை மீண்டும் உற்றுநோக்கினேன். ஜூன், ஜூலை மாதங்களில் ஊசிவால் வாத்துகள் குளத்தில் இருந்ததாக அது காட்டியது. அம்மாதங்களில் அப்பறவைகள் ஆசியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். அவை இங்கே வலசை வருவது குளிர்காலத்தில்தான். இவ்வுண்மையை நான் அறியாதவனல்லேன். ஆறு கோடைகளில் அந்தக் காய்ந்த தரையின்மீது நடந்தவனும் நானே. ஆயினும் திரையில் தெரிந்த நேர்த்தியான கோடுகள் என் கண்ணையும் கால்களையும் மறக்கச்செய்துவிட்டன.

கால வழு

அன்றிரவு நிரலை வரிவரியாக ஆராய்ந்தேன். நாம் தேதி எழுதும்போது நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். குறிப்பேட்டில் 7/1 என்றிருந்தால் அது ஜனவரி 7. நான் பயன்படுத்திய நிரல்தொகுப்போ, வேறாகச் சொல்லாதவரை, மாதமே முன்னே வருவதாகக் கொள்ளும் இயல்புடையது. எனவே ஜனவரி 7 அதன் கணக்கில் ஜூலை 1 ஆயிற்று. ஆனால் 15/1 என்பதைக் கண்டபோது, பதினைந்தாம் மாதம் என ஒன்று இல்லாமையால், அதனை ஜனவரி 15 என்றே சரியாகப் படித்துக்கொண்டது. சரியும் தவறும் இவ்வாறு இரண்டறக் கலந்தன. ஜனவரியின் முதல் பன்னிரண்டு நாள்களில் எழுதப்பட்ட குறிப்புகள் ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் சிதறிப்போயின. ‘நாள் முன்னே வரும்’ என்று அறிவிக்கும் ஒரு சொற்றொடரை நிரலில் சேர்த்ததும் எல்லாம் சீராயின.

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களை நீங்கள் இலக்கணத்தில் பயின்றிருப்பீர்கள். கணினித்துறையில் நிரலின் பிழையையும் ‘வழு’ என்றே தமிழில் வழங்குகிறோம். என் நிரலில் நேர்ந்தது உண்மையிலேயே கால வழுதான். ‘நாளை வந்தான்’ என்று ஒருவர் கூறினால் நம் செவி அதனை உடனே மறுக்கும். அம்மொழி நமக்குள் வாழ்வதே அதற்குக் காரணம். ‘ஆனியில் வாத்து நீந்தியது’ என்பதை நீர்பாய்ச்சியின் அறிவு உடனே மறுத்தது. அக்குளம் அவருக்குள் இருந்தது. கணினிக்குள் எண்கள் மட்டுமே இருந்தன.

இத்தகைய பிழை என்போன்ற ஆர்வலர்க்கு மட்டும் நேர்வதன்று. செவ்வாய்க் கோளின் வானிலையை ஆராய நாசா அனுப்பிய விண்கலம் ஒன்று 1999ஆம் ஆண்டு செப்டம்பரில் அக்கோளை நெருங்கும்போது அழிந்தது. விண்கலத்தின் உந்துவிசை பற்றிய அளவுகளை ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்தது. அவற்றைப் பெற்ற மற்றொன்று நியூட்டன் அலகில் எதிர்பார்த்தது. இடைப்பட்ட வேறுபாட்டை உரிய நேரத்தில் எவரும் களையவில்லை. கணினி தனக்கிட்ட கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றும். அக்கட்டளை உலகோடு பொருந்துகிறதா என்று கேட்பது மனிதரின் கடமை.

பழைய படத்தை அகற்றிப் புதியதை ஒட்டினேன். அதன் கீழே, முன்னர் இருந்த பிழை எது, எவ்வாறு நேர்ந்தது, அதனைக் கண்டறிந்தவர் யார் என்பவற்றைக் கைப்பட எழுதினேன். அந்த மாணவர் ஐவரையும் தேடிச்சென்று குறிப்பேடுகளைத் திருத்தச் சொன்னேன். நால்வரையே காண முடிந்தது. ஐந்தாம் மாணவரின் குடும்பம் அதற்குள் வேறூருக்குப் பெயர்ந்துவிட்டது. எங்கோ ஒரு குறிப்பேட்டில் என் பிழை இன்றும் உண்மையாக வாழ்ந்துகொண்டிருக்கலாம் என்னும் எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை.

பொழுதுபோக்காய்த் தொடங்கியவை

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர், தாம் ஓர் இயங்குதளத்தைப் பொழுதுபோக்காக உருவாக்கி வருவதாக அறிவித்தார். அதுவே பின்னாளில் லினக்ஸ் எனப் பெயர் பெற்றது. நாம் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவும் அதுவே. நான் மேலே குறிப்பிட்ட பைத்தான் மொழியும் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டின் கிறித்துமசு விடுமுறையில் பொழுதுபோக்காய்த் தொடங்கியதே.

டோர்வால்ட்ஸ் ஆழ்நீரில் மூழ்கி நீந்துவதில் பெருவிருப்பம் உடையவர். எத்தனை அடி ஆழம் சென்றோம், எவ்வளவு நேரம் இருந்தோம் என்பவற்றைப் பதிவுசெய்யத் தமக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால், 2011இல் ‘சப்சர்ஃபேஸ்’ என்னும் மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். உலகறிந்த அறிஞர் ஒருவரின் நாட்குறிப்பிலும் கடலும் கணினியும் இவ்வாறு அடுத்தடுத்து அமர்ந்துள்ளன. ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் நிலப்படம், தத்தம் தெருக்களில் நடந்தும் மிதிவண்டியில் சென்றும் விவரம் திரட்டிய தன்னார்வலர்களால் வளர்ந்தது. 2010இல் ஹைட்டி நாட்டில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் அந்நாட்டுத் தலைநகரின் தெருக்களை அதில் விரைந்து வரைந்தனர். மீட்புப் பணியாளருக்கு அப்படம் வழிகாட்டியது.

இவற்றைக் காட்டி, ‘உன் பொழுதுபோக்கும் ஒருநாள் உலகப் புகழ் ஈட்டும்’ என்று நம்பிக்கையூட்டுவது என் நோக்கமன்று. பெரும்பாலான பொழுதுபோக்குகள் புகழ் எதையும் ஈட்டுவதில்லை. அவை ஈட்டவும் வேண்டியதில்லை. இம்முயற்சிகளுக்கிடையே உள்ள பொதுப்பண்பே நாம் கருதத்தக்கது. தமக்கு உண்மையாகத் தேவைப்பட்ட ஒன்றை அவர்கள் செய்தார்கள். செய்ததை நாள்தோறும் பயன்படுத்திச் சோதித்தார்கள். பிறர் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்தார்கள். இம்மூன்றும் எந்தத் தேர்விலும் மதிப்பெண் பெறா. ஆயினும் கற்றலின் அடித்தளம் இவையே.

தெரிந்து தெளிவோம்

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) சிறந்த இயற்கையியலாளர், ஓவியர், ஒளிப்படக் கலைஞர். ஆங்கில நாளிதழொன்றில் 1950 முதல் தம் மறைவு வரை 46 ஆண்டுகள் இயற்கை குறித்த பத்தியைத் தொடர்ந்து எழுதினார். பெருங்காடுகளைப் போலவே வீட்டைச் சுற்றி வாழும் எளிய உயிர்களும் அவருடைய எழுத்துக்குப் பொருளாயின.

மறுப்பாரும் அவர்க்கு விடையும்

பொழுதுபோக்கு நேரத்தை விழுங்காதா என்பர் சிலர். விழுங்கும். நிரலில் ஒரு வழுவைத் தேடத் தொடங்கி, விடியும்வரை விழித்திருந்த இரவுகள் எனக்கு உண்டு. மறுநாள் அலுவலகக் கணக்கில் தடுமாறியதும் உண்டு. ஆகவே எல்லை வகுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. வாரத்தில் ஒரு காலைப்பொழுதும் ஓர் இரவில் ஒரு மணி நேரமுமே நான் எனக்கு இட்டுக்கொண்ட வரம்பு. தேர்வுக்கு முந்திய வாரங்களில் அதையும் சுருக்கலாம். சுருக்குதல் வேறு, வேரோடு களைதல் வேறு.

பறவையின் படத்தையோ ஒலியையோ கொண்டு பெயர்சொல்லும் செயலிகள் இருக்க, நடந்துசென்று எண்ணுவது எதற்கு என்பர் வேறு சிலர். அச்செயலிகளை நானும் பயன்படுத்துகிறேன். ஆயினும் அவை சொல்லும் பெயர் ஒரு கருத்து. அதனைச் சோதித்து ஏற்பதும் தள்ளுவதும் நம் பொறுப்பு. பறவையின் அலகையும் நடையையும் அது நின்ற நீரின் ஆழத்தையும் நோக்கியவரால் மட்டுமே செயலியிடம் ‘நீ சொல்வது தவறு’ என்று கூற இயலும். வெளியே நடவாதவருக்குத் திரை சொல்வதெல்லாம் உண்மையாகிவிடும்.

மூன்றாவது மறுப்பை ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். “விடியற்காலையில் தனியாகக் குளக்கரைக்குச் செல்ல எங்கள் வீட்டில் ஒப்புவார்களா, ஐயா?” என்றாள். அவள் கேட்டது நியாயமே. ஆண்பிள்ளைக்குத் திறந்திருக்கும் கரை, பெண்பிள்ளைக்கும் அவ்வாறே திறந்திருக்கவில்லை. அந்நிலையை மாற்றும் கடமை அவளுக்குரியதன்று. ஊருக்கும் பள்ளிக்கும் உரியது. ஆசிரியர் ஒருவர் துணைவர, வகுப்பே சேர்ந்து மாதம் ஒருமுறை குளத்துக்குச் செல்லப் பள்ளிகள் வழிசெய்ய வேண்டும். அதுவரை மொட்டைமாடியும் பள்ளி வளாகத்து வேப்பமரமும் காத்திருக்கின்றன. பொங்கல் நாள்களில் தமிழகத்தில் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. இருந்த இடத்திலிருந்தே 15 நிமிடம் பார்த்து எண்ணினாலும் அதில் பங்கேற்கலாம். காக்கையும் மைனாவும் கூட அதில் கணக்கே.

விலையுயர்ந்த கருவிகளும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், பள்ளிக் கணினி ஆய்வகத்தில் கிடைக்கும் அரைமணி நேரம் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். பைத்தான் கட்டற்ற மென்பொருள். அதற்கு விலை இல்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கூடுகளை நெருங்காதீர்கள், அவை இருக்கும் இடத்தைப் பலரறியப் பரப்பாதீர்கள். நம் ஆர்வத்துக்கு ஒரு பறவை தன் குஞ்சுகளை விலையாகத் தருதல் கூடாது.

கரைக்கு முதலில்

வீட்டுக்குள் அமர்ந்து நிரல் எழுதுவது மட்டும் என் பழக்கமாய் இருந்திருந்தால், அந்தப் பிழையான படத்தை இன்றும் பெருமையோடு காட்டிக்கொண்டிருப்பேன். கரையில் நடப்பது மட்டும் என் பழக்கமாய் இருந்திருந்தால், ஆறு ஆண்டுக் குறிப்புகள் பெட்டியில் உறங்கியிருக்கும். ஆண்டுக்காண்டு நிகழும் மாற்றத்தை ஒருபோதும் கண்டிருக்கமாட்டேன். கணினி என் நினைவைத் தொகுத்தது. குளம் அத்தொகுப்பைத் திருத்தியது. எழுதிய ஒன்றை உலகத்தின்முன் வைத்து, ‘இது சரிதானா?’ என்று கேட்டு, தவறெனில் அதனை வெளிப்படையாகத் திருத்தும் துணிவை எனக்குக் கற்பித்தவை இவ்விரு பொழுதுபோக்குகளுமே. மேனிலைக் கல்வி மாணவர்க்குத் தரவேண்டிய பண்பு இதைவிட வேறென்ன?

இப்போதெல்லாம் எந்தப் படத்தையும் நூலகத்துக்கு எடுத்துச்செல்லும் முன்னர்க் குளக்கரைக்கு எடுத்துச்செல்கிறேன். நீர்பாய்ச்சி மடையருகே அமர்ந்து, அதனைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அவர் தலையசைத்த பின்னரே அது பலகைக்குப் போகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு வாரம் நாள்தோறும் 15 நிமிடம் பறவைகளை எண்ணி, நாள், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. அதனை மற்றொரு குழுவின் அட்டவணையோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளுக்கான காரணங்களை விவாதிக்க.

2. உங்கள் ஊரின் நீர்நிலை ஆண்டின் எந்த மாதங்களில் நிரம்பி, எப்போது வற்றுகிறது என்பதை அதனோடு தொடர்புடைய முதியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுக.

3. ‘மேனிலை வகுப்பு மாணவர்க்குப் பொழுதுபோக்கு தேவையா?’ என்னும் தலைப்பில் கட்டுரையாசிரியரின் கருத்தை ஏற்றோ மறுத்தோ வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.